முகாமிலிருந்து ஊருக்கு
கிராமச் சபைகளில் வாலிபர் மன்றமும் கோடை முகாமும்

1. முன்னுரை

ஆண்டுதோறும் சித்திரை, வைகாசி மாதங்களில் நம் கிராமச் சபைகளில் ஒரு தனிச் சுறுசுறுப்பு தோன்றுவதை யாவரும் அறிவர். பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளும் வாலிபர் முகாம்களும் தொடங்கிவிடுகின்றன. சேகர குருவானவர் நன்கொடைப் புத்தகத்தைக் கையிலெடுக்கிறார். பாய்களும் பாத்திரங்களும் ஒலிபெருக்கியும் வந்து சேருகின்றன. நான்கைந்து நாட்கள் பாடலும் விளையாட்டும் வேத பாடமும் நிகழ்கின்றன. இறுதி இரவில் பலர் கண்ணீருடன் தங்களை ஒப்புக்கொடுக்கின்றனர். மறுநாள் காலையில் ஊர்திகள் வந்து அவர்களை ஏற்றிச் செல்கின்றன. திருமண்டல அலுவலகத்திற்கு அறிக்கை எழுதப்படுகிறது. அவ்வறிக்கையில் 'முகாம் சிறப்பாக நடைபெற்றது' என்ற சொற்றொடர் தவறாமல் இடம் பெறுகிறது.

ஆயின், அதே வாலிபர்களை ஆடி மாதத்தில் அவர்களுடைய ஊரிலே சென்று கண்டால் என்ன நிலை? வாலிபர் மன்றத்தின் வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர்கள் எஞ்சியுள்ளன? முகாமில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர்கள் ஊரில் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் செல்கின்றனரா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோடை முகாமின் வெற்றியை முகாமின் கடைசி இரவில் அளக்கலாகாது. முகாமுக்குப்பின் வரும் மாதங்களில், ஊருக்குள்ளேதான் அளக்க வேண்டும் என்பதே நாம் இங்குக் கூற விழையும் கருத்து. முகாம் மன்றத்திற்கு ஊழியம் செய்வது. மன்றம் ஊருக்கு ஊழியம் செய்வது. இவ்வொழுங்கு தலைகீழாகும்போது நம் உழைப்பு கோடை மழை போலச் சற்று மண்ணை நனைத்துவிட்டுப் போய்விடுகிறது.

2. திருமறை காட்டும் வழி

திருமறையில் முகாம் வாழ்வு புதியதன்று. இஸ்ரவேல் மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஏழு நாட்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேறிக் கூடாரங்களில் தங்க வேண்டும் என்று கட்டளை பெற்றிருந்தனர் (லேவியராகமம் 23:42-43). விளைச்சலைக் களத்திலும் ஆலையிலும் சேர்த்த பின் வரும் பண்டிகை அது. கையில் தானியமும் மனதில் நிறைவும் உள்ள வேளையில், தாங்கள் ஒரு காலத்தில் வீடற்றவர்களாய் அலைந்ததை மறவாதிருக்கவே அவ்வேழு நாட்கள் ஏற்பட்டன. அப்பண்டிகையில் யார் யார் பங்கு பெற வேண்டும் என்பதையும் உபாகமம் எண்ணிச் சொல்லுகிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், திக்கற்றவன், விதவை ஆகிய அனைவரும் ஒருமித்து மகிழ வேண்டும் (உபாகமம் 16:13-15). நிலமுடையவனும் நிலமற்றவனும் ஒரே விதமான தழைக்கூரையின்கீழ் இருந்தனர். முகாம் என்பதன் உட்பொருள் இதுவே எனலாம்.

நம் ஆண்டவரின் இளமைப் பருவத்தைக் குறித்து நமக்குக் கிடைத்துள்ள ஒரே நிகழ்ச்சியும் ஒரு பயணத்தைப் பற்றியதே (லூக்கா 2:41-52). பன்னிரண்டு வயதுப் பிள்ளை, 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள எருசலேமுக்கு ஊராருடனும் உறவினருடனும் பண்டிகைக்குச் செல்லுகிறார். அங்கே போதகர் நடுவில் அமர்ந்து கேட்கிறார்; கேட்டதோடன்றி வினாக்களும் எழுப்புகிறார். பெற்றோர் மூன்று நாளைக்குப்பின் அவரைக் காண்கின்றனர். பொதுவாக நம் அருளுரைகள் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் லூக்கா நிற்கவில்லை. அவர் பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பினார் என்றும், அங்கே அவர்களுக்கு அடங்கி வாழ்ந்தார் என்றும் குறிப்பிடுகிறார். அவர் ஊழியம் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயது (லூக்கா 3:23). ஆக, ஆலயத்தில் மூன்று நாட்கள். நாசரேத்தில் ஏறத்தாழ 18 ஆண்டுகள். ஞானத்திலும், உடல் வளர்ச்சியிலும், கடவுளின் தயவிலும், மனிதரின் தயவிலும் அவர் வளர்ந்தது அந்தச் சிற்றூரிலேதான். வாலிபர் பணியில் முகாமுக்கும் மன்றத்திற்கும் இருக்க வேண்டிய விகிதத்தை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்கும் பகுதி வேறில்லை.

3. முன்னோடிகளிடம் கற்பது

நம் நாட்டில் வாலிபர் இயக்கங்களின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் பயன் தரும். 1844-இல் இலண்டன் மாநகரில், துணிக்கடைகளில் வேலை செய்துவந்த இளைஞர்களுக்காக ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் தொடங்கிய வாலிபக் கிறிஸ்தவ சங்கம் 1890-இல் சென்னையில் வேரூன்றியது. அது நகரத்து இயக்கமாகவே நெடுங்காலம் இருந்தது. அதனைக் கிராமங்களை நோக்கித் திருப்பியவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால் (1876-1931). பின்னர் 1916-இல் அவ்வியக்கத்தின் முதல் இந்திய தேசியப் பொதுச் செயலாளரான இவர், கடனில் மூழ்கிக் கிடந்த ஏழைக் குடியானவனுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கமும் நற்செய்திப் பணியின் ஒரு கூறே என்று கண்டவர்.

இந்நோக்கம் முழு உருப்பெற்றது 1920-களில், அன்று திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்திலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள மார்த்தாண்டத்தில் ஆகும். அமெரிக்கரான டி. ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். தேனீ வளர்ப்பு, நல்லினக் கோழி, முட்டைகளைக் கூட்டுறவாக விற்றல், நெசவு போன்றவை அங்குக் கற்பிக்கப்பட்டன. ஆவி, அறிவு, உடல், சமுதாயம், பொருளாதாரம் என்னும் ஐந்து பக்கங்களிலும் மனிதன் வளர வேண்டும் என்பது அவர்தம் திட்டம். லூக்கா கூறும் நால்வகை வளர்ச்சியோடு, பசித்த கிராமத்தின் தேவையையும் அவர் சேர்த்துக்கொண்டார் என்று நாம் பொருள் கொள்ளலாம். ஊராரின் சொந்த முயற்சியே அடிப்படை. அருகிலிருந்து ஆலோசனை தருவதே ஊழியரின் பங்கு. ஏழைக்கு எட்டாத செலவுள்ள எதையும் கற்பிக்கலாகாது என்பன அங்குக் கடைப்பிடிக்கப்பட்ட நெறிகள். இந்த அனுபவங்களை அவர் 1932-இல் நூலாகவும் வெளியிட்டார். மார்த்தாண்டம் இன்றும் தேனுக்குப் பெயர் பெற்றிருப்பதை நாம் அறிவோம்.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் தோற்றமும் கருதத்தக்கது. 1898-இல் நியூயார்க் நகரின் நெருக்கமான ஒரு பகுதியில், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைத் திருமதி ஹாஸ் என்னும் அம்மையார் ஒரு மதுக்கடைக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஒன்றுகூட்டினார். 1901 முதல் இராபர்ட் போவில் என்ற போதகர் அதனை ஓர் இயக்கமாக விரிவுபடுத்தினார். பிள்ளைகள் செய்வதற்கு ஒன்றுமின்றி இருந்தனர். ஆலயக் கட்டடங்கள் வார நாட்களில் பூட்டிக் கிடந்தன. கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஓய்ந்திருந்தனர். இம்மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்ததே அவர் செய்த பணி.

இந்த முன்னோடிகளிடம் பொதுவாகக் காணும் பண்பு ஒன்றுண்டு. அவர்கள் நிகழ்ச்சி நிரலிலிருந்து தொடங்கவில்லை. தங்கள் கண்முன் இருந்த மக்களின் தேவையிலிருந்து தொடங்கினர். இன்று நாமோ அச்சிட்ட பாடநூலையும் சிறப்புப் பேச்சாளரின் தேதியையும் முதலில் பெற்றுக்கொண்டு, பிறகே வாலிபர்களைத் தேடுகிறோம்.

4. ஒரு தோல்வியின் பாடம்

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றை மறைக்காமல் கூறுதல் கடமையாகும். சற்றேறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் எட்டுக் கிராமங்களைக் கொண்ட ஒரு சேகரத்தில் நாம் பணியாற்றினோம். அங்குப் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில் ஐந்து நாள் வாலிபர் முகாம் ஒன்றை நடத்தினோம். விடுமுறையில் மூடியிருந்த ஒரு மாணவர் விடுதியில் 46 பேர் கூடினர். அவர்களுள் ஒரே ஊரைச் சேர்ந்த, ஆனால் மேலத்தெருவும் கீழத்தெருவுமாய்ப் பிரிந்திருந்த இரு இளைஞர்கள் இருந்தனர். இருவரும் நம் சபையாரே. ஒரே ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர்கள். ஊரில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கூடப் பழகாதவர்கள், முகாமில் ஒரே அணியில் கைப்பந்து விளையாடினர். ஒரே பானையிலிருந்து சோறு பரிமாறினர். இறுதி இரவில் தோளோடு தோள் நின்று ஜெபித்தனர். நாம் உள்ளம் பூரித்தோம். அறிக்கையில் அதனைப் பெருமையுடன் எழுதினோம்.

மூன்றாம் வாரத்தில் கீழத்தெரு இளைஞன் மன்றத்தின் பந்தைப் பெற்றுவர நண்பன் வீட்டிற்குச் சென்றான். திண்ணைக்குக் கீழே நிற்கவைத்து, அவனுக்கென்று தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்தனர். நண்பன் நிலைப்படியில் நின்றவாறே ஒன்றும் பேசாதிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தந்தையின் சொற்படி, அவன் மன்றத்தினின்று தன் பெயரை நீக்கிக்கொண்டான். அவனைத் தொடர்ந்து அத்தெருவின் பிள்ளைகள் அனைவரும் நின்றுவிட்டனர். ஒரு மாலை வேளையில் கீழத்தெரு இளைஞன் நம்மிடம் வந்தான். அவன் கேட்டது ஒன்றே: "ஐயா, முகாமிலே நடந்தது மெய்யா, ஊரிலே நடக்கிறது மெய்யா?" நம்மிடம் விடை இல்லை. ஐப்பசி மாதத்திற்குள் அவன் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டான்.

பிறகு நாம் நம்மையே ஆராய்ந்தபோது குற்றம் எங்கே என்பது விளங்கிற்று. அந்தத் தந்தை சபையின் பொறுப்பாளர்களுள் ஒருவர். அவ்வாண்டு முகாமுக்கு அனைவரினும் மிகுதியாக நன்கொடை அளித்தவரும் அவரே. முகாமில் இரு தெருப் பிள்ளைகளும் ஒன்றாக உண்பார்கள் என்பதையும், திரும்பி வந்தபின் அவ்வாறே வாழ முயல்வார்கள் என்பதையும் நாம் அவரிடம் முன்னதாக ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகும் கேட்க நம் நா எழவில்லை. பெரியோராகிய நாம் சுமக்க வேண்டிய சுமையைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டு, அவர்கள் இடறியபோது வேடிக்கை பார்த்தோம்.

அந்தியோகியாவில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ? பேதுரு புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்ததும் அஞ்சி விலகிப் பிரிந்தார். பர்னபாவும் அவ்வழியில் இழுப்புண்டார் (கலாத்தியர் 2:11-14). பேதுருவின் கொள்கையில் மாற்றம் இல்லை. பார்ப்பவர் மாறினர், அவ்வளவே. முகாமில் பார்ப்பவர் இல்லை. ஊரில் பார்ப்பவர் உண்டு. நிலைப்படியில் நின்ற அந்த இளைஞன் ஒரு பேதுரு. ஆனால் பவுல் நிலையில் நின்று முகமுகமாய் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டிய ஊழியராகிய நாமே வாய்மூடி இருந்தோம். சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்ற நடை என்று பவுல் கருதியது பந்தி ஒழுங்கைப் பற்றியதாகவே இருந்தது என்பதை இறையியல் மாணவர்கள் ஊன்றிக் கருத வேண்டும். நீதிமானாக்கப்படுதலைக் குறித்த அவருடைய போதனை, யார் யாரோடு அமர்ந்து உண்பது என்ற வினாவையொட்டியே அந்நிருபத்தில் எழுகிறது.

5. ஆண்டு முழுவதும் மன்றம்

எனவே, முகாமைப் பற்றித் திட்டமிடுமுன் மன்றத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். கிராம வாலிபர் மன்றம் எத்தகையதாக இருக்க வேண்டும்? அனுபவத்தில் கண்ட சிலவற்றை இங்குத் தொகுத்துரைக்கிறோம்.

முதலாவது, மன்றம் யாருக்கு என்பது தெளிவாக வேண்டும். நம் வாலிபர் சங்கங்கள் பெரும்பாலும் கல்லூரி செல்லும் பிள்ளைகளைச் சுற்றியே இயங்குகின்றன. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் செல்வோர், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டோர், ஆடு மேய்ப்போர் ஆகியோர் அங்கு வந்தால் பின்வரிசையில் அமர்ந்து விரைவில் மறைந்துவிடுகின்றனர். கூட்டம் நடைபெறும் நேரத்தைக் கூலி வேலைக்குச் செல்பவனின் நேரத்தைக் கேட்டறிந்து வகுக்க வேண்டும். பெண்பிள்ளைகள் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பல ஊர்களில் பருவமெய்திய பின் அவர்கள் மன்றத்திற்கு அனுப்பப்படுவதில்லை. ஆயரின் துணைவியாரோ மாதர் ஐக்கியத்தின் மூத்த சகோதரியோ பொறுப்பேற்று, வெளிச்சமிருக்கும் வேளையில் கூட்டம் நடத்தினால் பெற்றோரின் தயக்கம் குறையும்.

இரண்டாவது, மன்றத்தின் பணிகள் ஊரின் தேவையிலிருந்து எழ வேண்டும். நெகேமியாவின் நூலில் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தால் பெயர்ப்பட்டியல் என்றே தோன்றும். ஆயினும் அவரவர் தம்தம் வீட்டிற்கு எதிரேயுள்ள அலங்கத்தைக் கட்டினர் என்ற குறிப்பு அங்கே மீண்டும் மீண்டும் வருகிறது. தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை என்பதையும் நூல் மறைக்கவில்லை. மன்றத்திற்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் வேண்டுமோ? பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். ஆலய வளாகத்தில் ஒரு வாசக சாலை வைக்கலாம். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்றவற்றிற்கு விண்ணப்பிக்க அறியாத பெற்றோருக்கு உதவலாம். கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக் காலைத் துப்புரவு செய்யலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், கரை நெடுகப் பனை விதைகளை ஊன்றலாம். பனை பயன் தரப் பன்னிரண்டு ஆண்டுகளேனும் செல்லும்; இருபது ஆண்டுகளும் ஆகலாம். விதைப்பவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்ற உண்மையை ஓர் இளைஞன் தன் கைகளால் கற்றுக்கொள்ள இது நல்ல வழி.

மூன்றாவது, சபடியும் கைப்பந்தும் தூண்டில் இரையாகக் கருதப்படலாகாது. கிராமத்து மன்றத்தின் விளையாட்டிற்கும் வாசக சாலைக்கும் பிற சமயத்தைச் சேர்ந்த இளைஞரும் வருவர், வருதல் நன்று. அவர்களை விளையாட்டுக்கென்று அழைத்துப் பின் வேறொன்றைத் திணிப்பது நேர்மையன்று. அவர்தம் பெற்றோரின் நம்பிக்கையையும் அது குலைக்கும். சபை வாலிபரின் ஜெபமும் வேத ஆராய்ச்சியும் தனியே, வெளிப்படையாக நடைபெறட்டும். அண்டை வீட்டாரோடு நேர்மையாக வாழ்வதே முதல் சாட்சி.

நான்காவது, பொறுப்பை வாலிபரிடமே ஒப்படைக்க வேண்டும். கணக்கு, வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் ஆகியவை அவர்கள் கையில் இருக்கட்டும். தவறு நேர்ந்தால் நேரட்டும். பொறுப்பாளர் தேர்தலில் இரு தெருவினருக்கும், ஆண் பெண் இருபாலார்க்கும் இடமுண்டா என்பதைமட்டும் ஆயர் விழிப்புடன் கவனிக்க வேண்டும்.

6. முகாமை அமைக்கும் முறை

மன்றம் ஓராண்டேனும் இயங்கிய பின்னரே முகாமுக்குச் செல்வது நல்லது. நாற்பது முதல் ஐம்பது பேர், நான்கு அல்லது ஐந்து நாட்கள் என்பது போதிய அளவு. எட்டுப் பேருக்கு ஒரு தலைவர் வீதம் குழுக்களாகப் பிரித்தல் வேண்டும். ஒரே தெருவினர் ஒரே குழுவில் சேராதபடி முன்னதாகவே பட்டியல் ஆயத்தமாக இருக்கட்டும்.

செலவைப் பொறுத்தவரை, ஒரு செல்வந்தரின் பெரும் நன்கொடையைவிட நூறு வீடுகளின் பிடி அரிசி மேலானது என்பது நம் துணிபு. காரணத்தை மேலே கூறினோம். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட்டுவைக்கும் வழக்கம் நம் சபைகளின் தாய்மாருக்குப் புதியதன்று. ஒரு வேளைக்கு ஆளுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் அரிசி வீதம் கணக்கிட்டால், ஐம்பது பேருக்கு ஐந்து நாட்களுக்கு வேண்டிய அரிசி எவ்வளவு என்பது எளிதில் புலனாகும். நாளுக்கு இருவேளைச் சோற்றுக்கு ஒரு குவிண்டால் வரை போதும். அவ்வரிசி எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்து ஒரே பானையில் வேகட்டும். சமையற்காரரை அமர்த்தாமல், குழுக்கள் முறை வைத்துச் சமைத்துப் பரிமாறிப் பாத்திரம் துலக்கட்டும். இப்பணியில் ஆண்பிள்ளைகளுக்கு விலக்கு இல்லை.

கூடுமாயின் அக்கினி நட்சத்திர நாட்களைத் தவிர்த்தல் நலம். நண்பகல் முதல் பிற்பகல் மூன்றரை மணி வரை வெயிலில் எந்த வேலையும் வேண்டா. நீர்மோரும் கூழும் தாராளமாக இருக்கட்டும். அதிகாலையில் தியானமும் உடலுழைப்பும், முற்பகலில் வேத ஆராய்ச்சி, பிற்பகலில் கைத்தொழிற் பயிற்சி, மாலையில் விளையாட்டு, இரவில் நாடகமும் பாடலும் என்பதாக நாள் அமையலாம். வேத ஆராய்ச்சியில் நீண்ட சொற்பொழிவு வேண்டா. சிறுவர் இயேசு ஆலயத்தில் கேட்டார், வினவினார் என்பதை மறவோம். ஒவ்வொரு குழுவும் பகுதியை வாசித்து, இங்கு நிகழ்ந்தது என்ன, நம் ஊரில் இதற்கு ஒப்பானது எது, நாம் செய்யத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணட்டும். கைப்பேசியை முற்றிலும் தடை செய்வதைவிட, இரவில் வீட்டாரோடு பேச ஒரு நேரம் ஒதுக்கி, ஏனைய நேரத்தில் பொதுவிடத்தில் வைத்துவிடும்படி முகாமினரே தீர்மானிக்கச் செய்வது நல்ல பலன் தருகிறது.

பாதுகாப்பைக் குறித்து ஒரு வார்த்தை. பல முகாம்களில் ஆபத்து தண்ணீரில் காத்திருக்கிறது. நீச்சல் நன்கறிந்த பெரியவர் உடனிராமல் எவரையும் கிணற்றிலோ குளத்திலோ இறங்கவிடலாகாது. பாம்பு கடித்தால் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடாது. உடனே 108 ஊர்தியை அழைத்து அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத ஒவ்வொருவருக்கும் பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் தேவை. பெண்பிள்ளைகளுக்குத் தனித் தங்குமிடமும், இரவு முழுவதும் உடனிருக்கும் பெண் தலைவர்களும் இன்றியமையாதவர். தலைவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருத்தல் ஆகாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. குற்றம் நிகழ்ந்ததாக அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவியாதிருத்தல் அச்சட்டப்படி குற்றமாகும். சபையின் நற்பெயரைக் காக்கும் எண்ணத்தில் இத்தகைய ஒன்றை மூடி மறைப்பவர், பிள்ளையை இருமுறை புண்படுத்துகிறார்.

7. திரும்பி வருதல்

முகாமின் இன்றியமையாப் பகுதி திரும்பி வருதலே. முன் கூறிய தோல்விக்கு அடுத்த ஆண்டு நாம் முகாம் நடத்தவில்லை. அவ்வாண்டு முழுவதும் பெற்றோரைச் சந்தித்தோம். முதலில் அந்தத் தந்தையிடமே சென்றோம். கேட்கத் தவறியதை ஓராண்டு கழித்துக் கேட்டோம். அவர் சினந்தார், சில மாதங்கள் ஆராதனைக்கும் வரவில்லை, காணிக்கையும் நின்றது. சபைக் குழுவில் நம்மைக் கடிந்துரைத்தவர்களும் உண்டு. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை அவ்வாண்டில் நான்கு ஞாயிறுகள் தொடர்ந்து பிரசங்கித்தோம். அசனப் பண்டிகை நெருங்கியபோது, சமையலில் இரு தெருவினரும் பங்கு பெற வேண்டும் என்று குழு சிறு பெரும்பான்மையில் தீர்மானித்தது.

மூன்றாம் ஆண்டில் மீண்டும் முகாம் நடந்தது. புறப்படுமுன் பெற்றோர் கூட்டம் கூட்டி, அங்கு என்ன நிகழும் என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறினோம். அம்முகாமை விடுதியில் முடிக்கவில்லை. கடைசி நாள் மாலையில் அனைவரும் ஊருக்குத் திரும்பி, ஆலய முற்றத்தில் தங்கள் கையால் சமைத்துப் பெற்றோருக்குப் பரிமாறினர். அர்ப்பணிப்பு ஜெபமும் அங்கேயே, பார்ப்பவர் அனைவரின் முன்னிலையில் நடந்தது. வந்தவர் பலர், வராதவரும் உண்டு. மேலத்தெருவில் ஐந்து வீடுகள் பூட்டியே கிடந்தன. அந்தத் தந்தை ஆலய வாயில் வரை வந்து சற்று நேரம் நின்றார். உண்ணாமல் திரும்பிச் சென்றார். அவர் மகன் பந்தியில் அமர்ந்து உண்டான்.

திருப்பூருக்குச் சென்ற இளைஞன் அதனைக் காண அங்கு இல்லை. அவன் கேட்ட வினாவுக்கு நாம் விடை கூறத் தாமதித்தோம். அவனைப் பொறுத்தவரை அத்தாமதம் முடிவாகவே ஆயிற்று. பின்னர் நாம் நடத்திய முகாம்கள் எல்லாவற்றிலும் அவ்வினாவையே முதல் நாள் காலையில் தலைவர்களுக்கு வாசித்துக் காட்டுவதை வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

8. முடிவுரை

இறையியல் கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள் பலர் கோடை விடுமுறையில் முகாம்களுக்குத் தலைவர்களாக அனுப்பப்படுகின்றனர். பாடலும் விளையாட்டும் அறிந்த மாணவரைச் சேகரங்கள் விரும்பி அழைக்கின்றன. அவர்களுக்கு நாம் கூறுவது ஒன்று. முகாம் முடிந்ததும் கல்லூரிக்குத் திரும்புமுன், உங்கள் குழுவிலிருந்த எட்டுப் பேரின் வீடுகளையும் ஒருமுறை சென்று பாருங்கள். அவர்கள் எந்தத் தெருவுக்குத் திரும்புகின்றனர், எந்தத் திண்ணைக்குக் கீழே நிற்க நேரும் என்பதைக் கண்ணால் கண்டால், அடுத்த ஆண்டு நீங்கள் நடத்தும் வேத பாடம் வேறுவிதமாக அமையும்.

ஆயர்களாகிய நமக்கோ பொறுப்பு இன்னும் பெரிது. மூன்று நாள் ஆலயத்தையும் 18 ஆண்டு நாசரேத்தையும் ஒருங்கே தாங்கியவரே நம் ஆண்டவர். நம் வாலிபர்களுக்கு முதலாவதை அளிக்க நாம் ஆண்டுதோறும் பெருமுயற்சி எடுக்கிறோம். இரண்டாவதில் அவர்களோடு துணை நிற்பதே நம்மிடம் எதிர்பார்க்கப்படும் ஊழியம். முகாமில் நடந்தது மெய் என்பதை அவர்களுக்குக் காட்டவேண்டிய இடம் ஊரே, காட்டவேண்டியவர்கள் நாமே.